நத்தார்ப் பொதியும் கைப்பேசிக் கமராவும்: கொழும்புத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலும் அதைச் சுற்றியும் உள்ள தமிழ்ச் சபைகளின் குருமாருக்கும், போதகர்மாருக்கும், பங்குச் சபை, சபைக் குழு, வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கியம் ஆகியவற்றில் பொறுப்பாக இருக்கும் எல்லோருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

நத்தார்க் குழுக் கூட்டங்கள் தொடங்கிவிட்டன. கரோல் எந்தத் தெருவில் தொடங்குவது, கேக்கை யாரிடம் சொல்வது, பாலன் குடிலை யார் கட்டுவது என்று பேசி முடித்த பிறகு, கடைசியில் வழமையான ஒரு விடயம் வரும்: வறிய குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி. அதை ஐந்து நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டுத் தேநீருக்கு எழும்பிவிடுவோம். இந்த மடல் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டாம், மேடையில் ஏற்ற வேண்டாம், பெயரை ஒலிவாங்கியில் வாசிக்க வேண்டாம். நான் கேட்பது இவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்க ஒரு முழு மடல் தேவைப்படுகிறது, ஏனென்றால் வாயால் சொன்னபோதெல்லாம் "நல்ல யோசனை, பார்ப்போம்" என்று சொல்லி, அடுத்த வருடமும் பதாகை அடித்தார்கள்.

நான் மெதடிஸ்த வீட்டில் பிறந்து கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிறு ஒரு கோவில், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார். இடையில் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் பெந்தெகொஸ்தே சபைக் கூட்டத்துக்கும் போவேன். அதனால் சொல்கிறேன், இந்த விடயத்தில் யாருக்கும் யாரும் குறைந்தவர்கள் இல்லை. நம் சபைப் பிரிவுகள் இவ்வளவு ஒற்றுமையாகச் செய்கிற காரியம் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பின்னால் பதாகை, அதில் சபையின் பெயர், கீழே கொடையாளியின் பெயர். முன்னால் ஒரு பொதி. அதன் ஒரு பக்கத்தில் போதகரின் கை, தலைவரின் கை, தலைவரின் மனைவியின் கை. மறுபக்கத்தில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒரு அம்மா. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள். "அம்மா, இன்னொருக்கா, இஞ்ச பாருங்க" என்று ஒரு குரல். படம் சரியாக விழும் வரை பொதி அந்த அம்மாவின் கைக்கு முழுதாகப் போகாது. பின்னேரம் அது பேஸ்புக்கில் ஏறும். முகத்துவாரம், கிராண்ட்பாஸ் என்று இடத்தின் பெயரையும் போட்டு, 'வறுமைக் கோட்டின் கீழ் வாழும் குடும்பங்கள்' என்று தலைப்பும் வைத்து.

இதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, டிசம்பர் வெயிலில் அரிசி மூட்டை தூக்குகிறவர்கள். அவர்களுக்கு இது உறைக்காமல் போவதற்கு ஒரு காரணம், அவர்கள் எப்போதும் பொதியின் அந்தப் பக்கத்திலேயே நிற்பது. ஆனால் ஒரு வருடம் நாம் எல்லோரும் இந்தப் பக்கம் வந்தோமே! 2022 பொருளாதார நெருக்கடியை அதற்குள் மறந்துவிட்டோமா? காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோர்த்து வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே விடிய விடிய இருந்தோம். மண்ணெண்ணெய்க்கு, பெற்றோலுக்கு, பால்மாவுக்கு வரிசை. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். வங்கி மனேஜரும் முச்சக்கர வண்டிக்காரரும் ஒரே வரிசையில் நின்ற காலம் அது. அப்போது யாராவது வந்து, சிலிண்டரை ஒரு பக்கம் தான் பிடித்துக்கொண்டு, "சார், கொஞ்சம் சிரிங்க" என்று படமெடுத்து, 'கஷ்டப்படும் குடும்பத்துக்கு எமது உதவி' என்று போட்டிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? சிலிண்டரை வாங்கியிருப்போம், அது வேறு கதை. ஆனால் அந்த ஆளின் முகத்தில் பிறகு முழித்திருக்க மாட்டோம்.

வேதம் இதில் மறைவாக எதையும் சொல்லவில்லை. "ஆகையால் நீ தர்மஞ்செய்யும்போது, மனுஷரால் புகழப்படுவதற்கு, மாயக்காரர் ஆலயங்களிலும் வீதிகளிலும் செய்வதுபோல, உனக்கு முன்பாகத் தாரை ஊதுவியாதே" என்கிறது மத்தேயு 6. இந்தப் பகுதி எல்லாச் சபைகளிலும் பிரசங்கிக்கப்படுகிறது. நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை, அந்தப் பிரசங்கம் முடிந்த கையோடு வெளியே பொதி கொடுத்தார்கள், படமும் எடுத்தார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நத்தார் தாத்தா வேடத்தில் ஒருவரை நிறுத்தி அவர் கையால் கொடுக்கிற சபைகளும் உண்டு. அந்த வேடத்துக்கு மூலமான ஆள் நான்காம் நூற்றாண்டில் மீரா பட்டணத்தில் ஆயராக இருந்த நிக்கொலா. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை தெரியும்தானே: நொடித்துப்போன ஒரு தகப்பன், மூன்று பெண் பிள்ளைகள், சீதனத்துக்கு வழியில்லை. நிக்கொலா இரவில் வந்து பொற்காசு முடிச்சை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போகிறார். பகலில் கதவைத் தட்டிக் கொடுத்திருக்கலாம். அந்த மனிதன் ஊரில் மதிப்பாக வாழ்ந்தவன், அவன் தலை குனியக்கூடாது என்று இருட்டைத் தேர்ந்தெடுத்தார். சீதனம் என்றால் என்ன, அதற்காக ஒரு தகப்பன் யார் வாசலில் எப்படி நிற்பான் என்று தெரிந்த சனம் நாம். கதையை விளக்கத் தேவையில்லை.

இனி எனக்கு நேரே தெரிந்த ஒன்று. ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். புதுத் தவணை தொடங்கும்போது ஒரு சபையில் அப்பியாசக் கொப்பி, பை, சப்பாத்து கொடுப்பார்கள். ஆராதனை முடிவில், ஒவ்வொரு பெயராக ஒலிவாங்கியில் வாசித்து, பிள்ளைகள் முன்னால் போய் வாங்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளை ஒன்று, வயது பதின்மூன்று இருக்கும், பெயரை வாசித்தபோது எழும்பவில்லை. திரும்பவும் வாசித்தார்கள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டேன். "டீச்சர், எங்கட கிளாஸ் பிள்ளைகளும் அந்தப் பேஜைப் பார்க்கிறாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த ஞாயிறு தாய் வந்து, பிள்ளை மரியாதையில்லாமல் நடந்துவிட்டது, அடுத்த முறை பெயரை வெட்டிவிட வேண்டாம் என்று குழுவிடம் மன்னிப்புக் கேட்டார். குழுவும் பெருந்தன்மையாக மன்னித்தது.

பெரியவர்களாவது பழகிக்கொள்வார்கள். பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடுவதை மட்டும் இந்த வருடமே நிறுத்துங்கள், மற்றதைப் பற்றி ஆறுதலாகப் பேசலாம்.

படம் மட்டுமல்ல பிரச்சினை. பட்டியல் தயாரிக்கிறோம் என்று வீடு பார்க்கப் போகிறோமே, அதையும் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனை, புளூமெண்டால் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளில் ஒரு அறைதான் வீடு. வாசலில் நின்றாலே சமையல், படுக்கை, சாமிப்படம் எல்லாம் தெரியும். அதற்குள்ளும் நுழைந்து, பிரிட்ஜ் இருக்கிறதா, டிவி எத்தனை அங்குலம் என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து "இவளுக்கு என்ன கஷ்டம்" என்கிறோம். அந்த டிவி அவள் குவைத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. அதை விற்றால் ஒரு மாத அரிசிக்குக்கூடக் காணாது. உபாகமம் 24 இல் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. ஒருவனுக்குக் கடன் கொடுத்தால் அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் போகாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும் என்கிறது. கொடுத்த கடனுக்கு ஈடு வாங்க வந்தவனையே வாசலில் நிறுத்துகிற வேதம் அது. நாம் ஐந்து கிலோ அரிசிக்குக் குசினி வரை போகிறோம்.

ரூத்தின் கதையில் போவாசைக் கவனித்திருக்கிறீர்களா? வயல்காரன். அவன் வயலில் சிந்தின கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத். கூப்பிட்டு ஒரு மூட்டை கொடுத்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் வேலைக்காரரிடம் இரகசியமாகச் சொல்கிறான்: அவளுக்காகச் சில கதிர் அரிகளைச் சிந்தவிடுங்கள், அவளை ஈனம்பண்ண வேண்டாம், அதட்டாதிருங்கள். அவள் தன் கையால் பொறுக்கி, தன் உழைப்பு என்று வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். இந்த உதவி அதைப் பெற்றவளுக்கே தெரியாமல் பார்த்துக்கொண்ட அந்த மனிதனைப் பற்றி நம் குழுக்கூட்டங்களில் ஒரு தியானம் வைத்தால் நல்லது.

சரி, உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். அவை எனக்குத் தெரியும், பல தடவை கேட்டிருக்கிறேன்.

முதலாவது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்புகிறவர்கள் ஆதாரம் கேட்கிறார்கள். நியாயம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் ஆட்களின் பேச்சு. ஆனால் ஒரு அம்மாவின் முகம் எதற்கு ஆதாரம்? ஐம்பதில் ஒரு பொதி ஒரு கைக்குப் போனதற்கு. மீதி நாற்பத்தொன்பதும் எங்கே போயின என்று அந்தப் படம் சொல்லாது. கடை பில் சொல்லும். பொருள் வாரியான கணக்குச் சொல்லும். பொருளாளரோடு, குழுவில் இல்லாத இன்னொருவரும் சரிபார்த்துப் போட்ட கையொப்பம் சொல்லும். பவுல் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது, இந்தத் தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாக இருக்கிறோம் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். அதற்கு அவர் செய்த ஏற்பாடு, தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த நம்பிக்கையான சகோதரரையும் சேர்த்து அனுப்பியது. கண்காணிப்பு முழுவதும் பணத்தைக் கொண்டுபோகிறவர்கள் மேல். வாங்கப்போகும் எருசலேம் விதவையிடம் அவர் எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் உறவுகளும் இந்த மடலை வாசிப்பீர்கள். உங்களுக்கு ஒரு சொல்: நீங்கள் "படம் தேவையில்லை, கணக்கை அனுப்புங்கள்" என்று ஒரு வட்ஸ்அப் செய்தி போட்டால், நான் இங்கே எழுதுகிற இத்தனை பந்தியும் செய்ய முடியாத வேலையை அது செய்யும்.

இரண்டாவது, படத்தைப் பார்த்தால்தான் மற்றவர்களுக்கும் கொடுக்க மனம் வரும் என்பது. அப்படியானால் பொதி கட்டுகிற வாலிபரைப் படமெடுங்கள். பருப்பு நிறுக்கிற, ரின்மீன் அடுக்குகிற, களைத்துப்போய் மூட்டைமேல் சாய்ந்திருக்கிற படங்கள். அவர்களுக்குப் போஸ் கொடுக்க ஆசையும் உண்டு.

மூன்றாவது, "நாங்கள் கேட்டுத்தான் எடுக்கிறோம், அவர்கள் சம்மதிக்கிறார்கள்" என்பது. எப்போது கேட்கிறோம்? பொதியில் கை வைத்தபிறகு. யார் கேட்கிறது? அடுத்த வருடப் பட்டியலும் எவர் கையில் இருக்கிறதோ அவர். அந்த இடத்தில் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் நாட்டில் வந்திருக்கிறது. ஆனால் சபைக்கு இதைச் சட்டத்தைக் காட்டிச் சொல்ல வேண்டி வந்தால் அது நமக்கு வெட்கம், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்று இருக்கிறது, எழுதவே தயக்கமாக இருக்கிறது. சில இடங்களில் ஜெபக்கூட்டம் முடியும் வரை இருந்தவர்களுக்குத்தான் டோக்கன். பக்கத்து வீட்டு இந்துப் பெண் ஒருத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் விசுவாசத்தால் இருக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார். திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரு சமாரியன் மட்டும். மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று கேட்டார், உண்மைதான். ஆனால் போனவர்களின் சுகத்தைத் திருப்பி எடுக்கவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடைக் கோவிலில் நடந்த குண்டுவெடிப்பை நான் விவரிக்கப் போவதில்லை. அன்று நாரஹேன்பிட்ட இரத்த வங்கியில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று சனம் வரிசையாக வந்து இரத்தம் கொடுத்தது. யார் உடம்புக்குப் போகும் என்று கொடுத்தவருக்குத் தெரியாது, யாருடையது என்று வாங்கினவருக்குத் தெரியாது. எந்தக் கோவிலுக்குப் போகிறாய் என்று எவரும் கேட்கவில்லை. அதே நாட்களில் நம் செத்தவர்களின், காயப்பட்டவர்களின் படங்கள் கைப்பேசிகளில் சுற்றியபோது, தயவுசெய்து பகிராதீர்கள் என்று கெஞ்சியவர்களும் நம்மவர்கள்தான். நம் துயரத்தைப் பிறர் படமாக்கினால் எப்படி இருக்கும் என்று கொழும்புக் கிறிஸ்தவர்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

மற்றவர்களிடம் மாண்பு கேட்கவும் நமக்குத் தெரியும். 2023 இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற நடைபயணம் நடந்தது. இலங்கைத் தேசியக் கிறிஸ்தவ மன்றமும் அதை முன்னின்று நடத்தியது. காணிக்கும் வீட்டுக்கும் சம்பளத்துக்கும் சம உரிமைக்கும் அரசைக் கேட்டு நடந்த நடை. பெருமையாக இருந்தது. அதே மலையகத்திலிருந்து வந்து கொழும்பு வீடுகளில் சமைத்துக் கூட்டுகிற அக்காமார் நம் ஆராதனைகளில் கடைசி வாங்கில் இருக்கிறார்கள், பொதிக்காகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதாகையில் இருந்த மாண்பு அவர்களுக்கும் உரியதுதானே.

என்ன செய்யலாம் என்பதற்கு அப்போஸ்தலருடைய நடபடிகள் 6 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆதிச் சபையில் எழுந்த முறுமுறுப்பே நிவாரணப் பங்கீட்டைப் பற்றியது, அதுவும் மொழிப் பிரச்சினையோடு! கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்று முறையிட்டார்கள். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? சபையிடமே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தின் கையிலேயே பங்கீடு போனது போலத்தான் தெரிகிறது. நம் பொதிக் குழுக்களில், ஒரு காலத்திலாவது பொதி வாங்கிய ஒருவர் இருக்கிறாரா? அப்படிப்பட்ட இரண்டு பெண்களை இந்த முறை குழுவில் சேர்த்துப் பாருங்கள். பொதிக்குள் என்ன போடுவது என்பதே மாறிவிடும். சோயாமீற் பக்கற் குறைந்து, மாதவிடாய்த் துவாய் ஒன்று உள்ளே வரும். அதைக் கூட்டத்தில் சொல்ல நம் ஆண் பொருளாளர்களுக்கு நாக்கு எழாது.

பொதியே இல்லாமலும் செய்யலாம். சுப்பர்மார்க்கட் வவுச்சர் கொடுத்தால், அவர்கள் மற்றவர்களைப்போல வண்டிலைத் தள்ளிக்கொண்டு தங்களுக்குப் பிடித்ததை எடுப்பார்கள். எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. தெரு மூலைக் கடைகளில் கடன் கொப்பி இருக்கும். குடும்பத்தைத் தனியாகக் கேட்டு, அவர்கள் சரி என்றால், ஒருவர் போய் அந்தக் கணக்கைக் கட்டிவிடலாம். சில வீடுகளுக்கு டிசம்பரில் அரிசியைவிடப் பெரிய நிம்மதி, அந்தக் கடைக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடப்பது. கத்தோலிக்கப் பங்குகளில் புனித வின்சென்ட் டி போல் சபையின் பழைய ஆட்களிடம் பேசிப் பாருங்கள். 1833 இல் பாரிசில் தொடங்கிய சபை அது, வீடு தேடிப் போவதுதான் அதன் வழி. எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று மனைவிக்கும் சொல்லாதவர்களை எனக்குத் தெரியும். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, தெரிந்தவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள்.

காலிமுகத்திடலில் 2015 ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த யோசப் வாஸ், 1687 இல், கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் இந்த நாட்டுக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனார், கத்தோலிக்கர் யார் என்று கண்டுபிடிக்க. இலங்கைத் திருச்சபையின் அப்போஸ்தலர் என்று நாம் கொண்டாடுகிறவர் வாசலில் கையேந்தி நின்றவர் என்பதை, பட்டியல் எழுத உட்காரும்போது ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வரும் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்கிறேன். பொதிக்கு ஐந்து நிமிடம் போதாது, அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். வாங்குகிறவர்களின் படம் எடுப்பதில்லை, பிள்ளைகளின் பெயரை வாசிப்பதில்லை, ஆராதனைக்கு வந்தாரா என்று பார்ப்பதில்லை என்று குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அடுத்த வருடம் குழு மாறினாலும் அது இருக்கும்.

கூட்டத்துக்கும் தீர்மானத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உண்டு. கொரோனாக் காலத்துப் பொதி, 2022 பொதி, டித்வா புயல் வெள்ளத்துப் பொதி என்று பழைய படங்கள் எல்லாம் உங்கள் பேஸ்புக் பக்கங்களில் இன்னும் கிடக்கின்றன. அதில் இருந்த பிள்ளைகள் சிலர் இப்போது வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள், சிலருக்குக் கலியாணம் பேசுகிறார்கள். அந்தப் படங்களை எடுத்துவிடுங்கள். பக்கத்தின் கடவுச்சொல்லை வைத்திருக்கிற தம்பி ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து,
உங்கள் சபைகளில் ஒருத்தி